குறுக்கு விசைப் பட்டியலோடு இதையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய நூறு குறுக்கு விசைகள்' என்ற தலைப்பில், சுட்டியைத் தொடாமல் விசைப்பலகையிலேயே கட்டளை தரும் விசைக் கூட்டுகளின் பட்டியல் ஒன்று, கணினிப் பக்கம் உள்ள எந்த நாளிதழிலும் ஏதோ ஒரு வாரம் வந்துவிடுகிறது. பலர் அதை வெட்டி மேசையருகே ஒட்டியும் வைக்கிறார்கள். ஒட்டிய இடத்திலேயே அது மஞ்சளாகிப் போகிறது. மனப்பாடம் ஆகாததல்ல காரணம். அச்சிட்டபடியே அழுத்தினாலும் சில விசைகள் அசைவதில்லை, சில வேறு எதையோ செய்துவைக்கின்றன. ஏன் என்று பட்டியல் சொல்வதில்லை. அழுத்திய விசை எந்த வழியாகப் போகிறது, வழியில் அதை முதலில் பிடித்துக்கொள்வது எது என்று தெரிந்தால் இருபது விசைகளே போதும். மீதியை அவரவர் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். அதை விளக்கவே இக்கடிதம்.

முதலில் அச்சு விஷயம். பட்டியல்களில் எழுத்துகள் ஆங்கிலப் பெரிய எழுத்தில் வருகின்றன. விசைப்பலகையில் அப்படித்தான் பொறித்திருக்கிறது, ஆகவே தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் புதிதாகப் பழகுபவர், பெரிய எழுத்துக்கு ஷிப்ட் வேண்டுமே என்று அதையும் சேர்த்து அழுத்துகிறார். கன்ட்ரோல் + சி நகலெடுக்கும்; ஷிப்டும் சேர்ந்தால் குரோம் உலாவியில் நிரலாளர்களுக்கான பலகை திறந்துகொண்டு மிரட்டும். கன்ட்ரோல் + டபிள்யூ ஒரு தாவலை மூடும். ஷிப்ட் சேர்ந்தால் திறந்திருக்கும் தாவல்கள் அனைத்தோடும் சாளரமே போய்விடும். சிறிய எழுத்தில் அச்சிட்டால் பாதிச் சிக்கல் தீரும். தமிழில் அச்சிட்டால் பெரிது சிறிது என்ற பேச்சே இல்லை, ஆனால் 'டி' என்றால் எந்த டி, 'பி' என்றால் எந்த பி என்ற வேறு வம்பு முளைக்கும். அதனால் கீழே டி வரும் இடங்களில், ஆங்கில வரிசையில் எத்தனையாவது எழுத்து என்றும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

இன்னொன்று, கூட்டல் குறிக்கும் காற்புள்ளிக்கும் உள்ள வேறுபாடு. 'கன்ட்ரோல் + எஸ்' என்றால் முதல் விசையை அழுத்திப் பிடித்தபடி இரண்டாவதைத் தட்ட வேண்டும். 'ஆல்ட், எச், ஓ, ஐ' என்றால் ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி விட வேண்டும். எக்செலில் இது நெடுவரிசையின் அகலத்தை உள்ளடக்கத்துக்கு ஏற்பச் சரிசெய்யும். இரண்டையும் ஒரே குறியால் அச்சிட்டால் நான்கு விசைகளையும் ஒன்றாகப் பிடிக்க விரல் போதாமல் வாசகர் கைவிட்டுவிடுவார்.

இனி விசை போகும் வழி. முதலில் பிடிப்பது விசைப்பலகையே. மடிக்கணினியின் எஃப்என் விசையைப் பெரும்பாலும் விசைப்பலகைக்குள் இருக்கும் மின்சுற்றே கையாள்கிறது. விண்டோஸ் போன்ற இயங்குதளத்துக்கு அது அழுத்தப்பட்ட சேதியே போவதில்லை. எஃப்2 அழுத்தினால் கோப்பின் பெயரை மாற்றும் பெட்டி வராமல் திரை வெளிச்சம் குறைகிறதா? மேல்வரிசை ஊடக விசைகளாக வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். பல மடிக்கணினிகளில் எஃப்என் + எஸ்கேப் அதை மாற்றிவிடும். எஸ்கேப் விசையின் மேல் சிறு பூட்டுப் படம் இருந்தால் அதுதான் அடையாளம். இல்லாவிட்டால் கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் அமைப்பில் தேட வேண்டும். எஃப்என்னை வேறு விசையாக மாற்றித்தருவதாகச் சொல்லும் மென்பொருள்களைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இயங்குதளத்துக்கே தெரியாத விசையை மென்பொருள் எப்படி மாற்றும்?

விலை மலிவான விசைப்பலகைகளில் இன்னொரு குறை உண்டு. விசைகள் குறுக்கும் நெடுக்குமான கம்பிக் கட்டத்தில் இணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு விசைக்கும் தனி டையோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் சிறு பாகம்) வைக்காத பலகையில், ஒரே கட்டத்தின் மூன்று மூலைகளில் உள்ள விசைகளைச் சேர்த்து அழுத்தினால் நான்காவது மூலையும் அழுத்தப்பட்டதுபோலத் தோன்றும். அந்தப் பொய் விசையைத் தவிர்க்க, பலகை மூன்றாவது விசையையே விட்டுவிடும். கன்ட்ரோல், ஷிப்ட், ஆல்ட் மூன்றையும் பொதுவாகத் தனிக் கம்பியில் வைத்திருப்பார்கள் என்பதால் அவற்றோடு ஒரு எழுத்து சேர்ந்த கூட்டு தப்பிவிடும். இரண்டு எழுத்து விசைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கூட்டுகள்தான் மாட்டிக்கொள்ளும். நோட்பேடில் அந்த எழுத்துகளைச் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். எல்லாம் விழவில்லை என்றால் குற்றம் பலகையுடையது, மென்பொருளை நோண்டிப் பயனில்லை.

அடுத்துப் பிடிப்பது இயங்குதளம். விண்டோஸில் கன்ட்ரோல் + ஆல்ட் + டெலீட், விண்டோஸ் விசை + எல் இரண்டும் வேறு எந்த மென்பொருளுக்கும் விட்டுக்கொடுக்கப்படாதவை. மற்ற விண்டோஸ் விசைக் கூட்டுகளிலும் பெரும்பகுதி அதனுடையதே. நான்காவது எழுத்தான டியுடன் அழுத்தினால் டெஸ்க்டாப், ஷிப்ட் + எஸ்ஸுடன் திரையில் வேண்டிய பகுதியை மட்டும் படமெடுத்தல், 1 முதல் 9 வரையிலான எண்களுடன் பணிப்பட்டையில் அந்த இடத்தில் இருக்கும் செயலி. இந்தக் கடைசி வசதியைப் பலர் கவனிப்பதில்லை. அமைப்பு எதையும் தொடாமலே குறுக்கு விசையை 'உருவாக்கும்' வழி இது: அடிக்கடி திறக்கும் செயலியைப் பணிப்பட்டையில் பொருத்தி, இழுத்து முதலிடத்தில் வையுங்கள், விண்டோஸ் + 1 அதனுடையது.

விண்டோஸ் + வி பற்றி ஓர் எச்சரிக்கை. நகலெடுத்தவற்றில் கடைசி 25ஐ அது நினைவில் வைத்திருந்து பட்டியலாகக் காட்டும். முதல்முறை அழுத்தும்போது வசதியை இயக்கட்டுமா என்று கேட்கும். எழுதுபவர்களுக்கு இதைப்போல உதவி வேறில்லை. ஆனால் நகலெடுத்த கடவுச்சொல்லும் அந்தப் பட்டியலில் உட்கார்ந்திருக்கக்கூடும். கணினியை மறுதொடக்கம் செய்தால், ஊசிப் படத்தை ('பின்') அழுத்திப் பொருத்திவைத்தவை தவிர மற்றவை அழியும். பலர் உட்காரும் கணினியில் இதை இயக்காமல் இருப்பதே நல்லது.

மூன்றாவதாக வருபவை பின்னணியில் ஓடும் மென்பொருள்கள். இவைதான் பெரும்பாலான மர்மங்களுக்குக் காரணம். திரை அட்டை மென்பொருள், படம்பிடிக்கும் கருவி, தமிழ் எழுதும் செயலி எல்லாம் ஏதாவது ஒரு கூட்டைத் தமக்கென்று பிடித்துவைத்திருக்கும். சில கணினிகளில் கன்ட்ரோல் + ஆல்ட் + அம்புக்குறி அழுத்தியதும் திரை தலைகீழாகும். அது திரை அட்டை மென்பொருளின் வேலை, மேல்நோக்கிய அம்பை அதேபோல் அழுத்தினால் நேராகிவிடும். வேர்டில் ஒரு விசை வேலை செய்யவில்லை என்றால், பணிப்பட்டையின் வலக்கோடியில் உள்ள சின்னங்களை ஒவ்வொன்றாக மூடி, ஒவ்வொரு முறையும் அழுத்திப் பாருங்கள். எதை மூடியதும் விசை உயிர்பெறுகிறதோ அதுதான் பிடித்துவைத்திருந்தது. அதன் அமைப்புக்குள் போய்க் கூட்டை மாற்றுங்கள்.

கடைசியில்தான் முன்னால் திறந்திருக்கும் செயலிக்கு முறை வரும். அதுவும் உலாவியாக இருந்தால், உலாவி தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகே மீதி இணையப் பக்கத்துக்குப் போகும். இணையத்தில் ஆவணம் எழுதும்போது கன்ட்ரோல் + டபிள்யூ அழுத்தினால் அந்தத் தாவலே மூடுவது இதனால்தான். அதை உலாவி பக்கத்துக்குக் கொடுப்பதில்லை. மூடிய தாவலை மீட்பது கன்ட்ரோல் + ஷிப்ட் + இருபதாவது எழுத்தான டி.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இந்த வரிசை மேலும் முக்கியம். ஆல்ட்டோடு ஓர் எண்ணைச் சேர்த்துத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறும் வழக்கம் தமிழ் எழுதும் செயலிகள் சிலவற்றில் உண்டு. எக்செலிலும் வேர்டிலும் மேலே உள்ள விரைவுக் கருவிப்பட்டையின் பொத்தான்களுக்கும் ஆல்ட் + 1, ஆல்ட் + 2 என்றே விசை. பின்னணிச் செயலி முந்திக்கொள்வதால் கருவிப்பட்டை விசை செத்ததுபோல் கிடக்கும். எழுதும் செயலியின் அமைப்பில் மொழி மாற்றும் விசையை வேறு ஒன்றாக்கினால் தீர்ந்தது.

விண்டோஸிலேயே உள்ள தமிழ் விசைப்பலகையைப் பயன்படுத்துவோர் மொழி மாற்ற விண்டோஸ் + ஸ்பேஸ் அழுத்துகிறார்கள். இரண்டு பலகை இருக்கும்வரை சரி; மூன்றாவது சேர்ந்ததும், இப்போது எதில் இருக்கிறோம் என்று ஒவ்வொரு முறையும் மூலையைப் பார்க்க வேண்டியதாகிறது. ஒவ்வொரு மொழிக்கும் நேர் விசை கொடுத்துவிடுவதே சுகம். செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்', அதற்குள் 'டைப்பிங்', 'அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ்', 'இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ்' என்று போனால் ஒரு சிறு பெட்டி திறக்கும். அதில் தமிழ் வரியைத் தேர்ந்து 'சேஞ்ச் கீ சீக்வென்ஸ்' அழுத்தி, கன்ட்ரோல் + ஷிப்ட் + 1 என்று வையுங்கள். ஆங்கிலத்துக்குக் கன்ட்ரோல் + ஷிப்ட் + 2. பிறகு எந்த நிலையில் இருந்தாலும் ஒரே தட்டில் வேண்டிய மொழி. எக்செலில் கன்ட்ரோல் + ஷிப்ட் + 1 எண் வடிவமைப்புக்கு உரியது. அதைப் பயன்படுத்துபவர்கள் வேறு எண் கொடுத்துக்கொள்ளலாம்.

அதே பெட்டியில் 'பிட்வீன் இன்புட் லாங்குவேஜஸ்' என்ற வரிக்கு இடது ஆல்ட் + ஷிப்ட் இருந்தால் 'நாட் அசைன்டு' ஆக்கிவிடுங்கள். ஆல்ட்டும் ஷிப்டும் சேரும் வேறு கூட்டு ஒன்றை அழுத்தத் தொடங்கிப் பாதியில் விரலை எடுத்தாலே மொழி மாறிவிடும். 'தானாகத் தமிழுக்கு மாறுகிறது' என்ற புலம்பலுக்கு மூலம் அதுதான். முந்தைய திரையிலேயே, ஒவ்வொரு செயலிச் சாளரத்துக்கும் தனித்தனி மொழி வைத்துக்கொள்ளும் தேர்வுக் கட்டம் ஒன்று இருக்கிறது. அதை இயக்கினால் வேர்டில் தமிழும் உலாவியில் ஆங்கிலமும் அதனதன் இடத்தில் நிற்கும். தமிழ் எழுதும் ஒவ்வொருவரும் முதலில் செய்யவேண்டிய மாற்றம் இது என்பேன்.

நகலெடுக்க ஆங்கிலத்துக்கு மாறவேண்டும் என்று நினைத்து மாறி மாறி அழுத்துகிறவர்கள் உண்டு. விண்டோஸின் தமிழ் விசைப்பலகையில் அது தேவையில்லை. தமிழ் இயங்கும்போதும் கன்ட்ரோலோடு சேர்ந்தால் அந்த விசை பழைய ஆங்கில எழுத்தாகவே கணக்கில் வரும்.

திருத்தும்போது இன்னொரு நுணுக்கம். 'கோ' என்ற எழுத்தின் பின்னால் நின்று பேக்ஸ்பேஸ் அழுத்தினால் உயிர்க்குறி மட்டும் போய் 'க' நிற்கும். முன்னால் நின்று டெலீட் அழுத்தினால் முழு எழுத்தும் போகும். கன்ட்ரோல் + பேக்ஸ்பேஸ் முழுச் சொல்லையும் எடுத்துவிடும். வேர்டில் ஆல்ட் + எக்ஸ் என்ற விசை மெய்ப்புப் பார்ப்பவர்களுக்குப் பெரும் உதவி. ஒரு எழுத்தின் பின்னால் நின்று அழுத்தினால் அந்த எழுத்து மறைந்து அதன் யூனிகோடு எண், அதாவது கணினி அந்த எழுத்தை அடையாளம் காணும் எண், தோன்றும். மறுபடி அழுத்தினால் எழுத்து திரும்பிவிடும். 'எ' என்ற எழுத்தும் '௭' என்ற தமிழ் எண் ஏழும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். தேடும்போது சொல் அகப்படாமல் போகும். ஆல்ட் + எக்ஸ் அழுத்தினால் இரண்டுக்கும் வெவ்வேறு எண் வந்து குட்டு உடைந்துவிடும். 'க'வும் '௧' என்ற எண் ஒன்றும் இதே கதை.

இனி நாமே விசை அமைப்பது. வேர்டில் இந்த வசதி ஆழமானது. ஃபைல், ஆப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிப்பன் என்று போய், கீழே 'கீபோர்டு ஷார்ட்கட்ஸ்' அருகே உள்ள 'கஸ்டமைஸ்' பொத்தானை அழுத்துங்கள். இடப்பக்கப் பட்டியலில் 'ஆல் கமாண்ட்ஸ்' தேர்ந்தால் வலப்பக்கம் எல்லாக் கட்டளைகளும் வரும். உதாரணமாக 'பேஸ்ட்டெக்ஸ்ட்ஒன்லி' என்பதைத் தேடுங்கள். இணையத்திலிருந்து எடுத்த பத்தியை அதன் நிறம், எழுத்துரு எல்லாவற்றையும் உதறிவிட்டு வெறும் எழுத்தாக ஒட்டுவது அது. விசைக்கான பெட்டியில் சொடுக்கி, வேண்டிய கூட்டை அழுத்துங்கள். தட்டச்சு செய்யக் கூடாது, அழுத்த வேண்டும். உடனே அதன் கீழே 'கரண்ட்லி அசைன்டு டூ' என்று ஒரு வரி வரும். அந்தக் கூட்டு ஏற்கெனவே எந்தக் கட்டளையிடம் இருக்கிறது என்று அது காட்டும். பலர் இந்த வரியைப் படிக்காமலே 'அசைன்' அழுத்திவிட்டு, பிறகு பழைய வசதி காணோம் என்று தேடுகிறார்கள். ஒற்றைக் கூட்டுகள் தீர்ந்துவிட்டால் இரண்டு படியாகவும் அமைக்கலாம்: கூட்டை அழுத்தி விட்டு, தொடர்ந்து ஒரு எண்ணைத் தட்டினால் இரண்டும் சேர்ந்து ஒரு விசையாகும்.

'சேவ் சேஞ்சஸ் இன்' என்ற இடத்தில், புது ஆவணங்களுக்கு அடிப்படையான நார்மல் வார்ப்புரு தேர்ந்திருந்தால் எல்லா ஆவணங்களிலும் விசை இயங்கும். திறந்திருக்கும் ஆவணத்தைத் தேர்ந்தால் அதில் மட்டும். அந்த வார்ப்புரு வட்டில் எழுதப்படுவது வேர்டை மூடும்போதுதான். விசை அமைத்த அன்றே வேர்டு முடங்கி நின்றால் உழைப்பு போய்விடும். அமைத்து முடித்ததும் ஒருமுறை முறையாக மூடித் திறப்பது நல்லது.

எக்செலில் இத்தகைய பெட்டி கிடையாது. கட்டளையின் மேல் வலச்சொடுக்கிட்டு விரைவுக் கருவிப்பட்டையில் சேர்த்தால், வரிசைப்படி ஆல்ட் + 1, ஆல்ட் + 2 அமையும். மற்றொரு வழி மேக்ரோ பதிவது, அதாவது செய்யும் வேலைகளை வரிசையாகப் பதிந்துவைத்து ஒரே தட்டில் திரும்பச் செய்யவைப்பது. அதற்குக் கன்ட்ரோல் + ஓர் எழுத்து தரலாம். இங்கே இரண்டு பள்ளங்கள். சி என்று கொடுத்தால் எக்செல் தடுக்காது, அந்தப் பணிப்புத்தகம் திறந்திருக்கும்வரை நகலெடுக்கும் விசை போயே போச்சு. ஆகவே எப்போதும் ஷிப்டும் சேர்த்தே கொடுங்கள். மேக்ரோ தாளில் மாற்றம் செய்துவிட்டால் அதுவரை செய்தவற்றைக் கன்ட்ரோல் + இசட் கொண்டு திரும்பப்பெற முடியாது. முதலில் சேமித்துவிட்டு ஓட்டுங்கள்.

இலவச அலுவலகத் தொகுப்பான லிபர்ஆபிஸில் டூல்ஸ், கஸ்டமைஸ், 'கீபோர்டு' தாவல். மேலே உள்ள பொத்தானில் லிபர்ஆபிஸ் முழுமைக்குமா, அதன் எழுதும் செயலியான ரைட்டருக்கு மட்டுமா என்று தேர்வதை மறக்க வேண்டாம். அமைத்ததைத் தனிக் கோப்பாகச் சேமித்து வேறு கணினியில் ஏற்றும் வசதி அங்கேயே இருக்கிறது. இந்த ஒன்றில் வேர்டை விட இது மேல்.

மேக் கணினியில் சிஸ்டம் செட்டிங்ஸ், கீபோர்டு, கீபோர்டு ஷார்ட்கட்ஸ், ஆப் ஷார்ட்கட்ஸ். கூட்டல் குறியை அழுத்தி, மெனுவில் உள்ள கட்டளையின் பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே தட்டச்சிட வேண்டும். பெயரின் கடைசியில் மூன்று புள்ளி இருந்தால் அதுவும் வேண்டும். ஓர் இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் விசை வேலை செய்யாது, பிழையென்று ஒரு வார்த்தையும் சொல்லாது. மெனு வேறு மொழியில் இருந்தால் பெயரும் அந்த மொழியிலேயே இருக்கவேண்டும். லினக்ஸில் க்னோம் என்ற டெஸ்க்டாப் சூழலில் செட்டிங்ஸ், கீபோர்டு வழியாகப் போய் ஒரு கட்டளைக்கு நேரடியாக விசை தரலாம். கட்டளைகளைத் தட்டச்சிட்டு ஓட்டும் முனையச் சாளரத்தில் மட்டும் கவனம்: அங்கே கன்ட்ரோல் + சி ஓடும் கட்டளையை நிறுத்திவிடும், நகலெடுக்க ஷிப்டும் வேண்டும். சேமிக்கும் பழக்கத்தில் கன்ட்ரோல் + எஸ் அழுத்தினால் முனையம் உறைந்ததுபோல் நிற்கும். கன்ட்ரோல் + க்யூ அதை விடுவிக்கும்.

விசையையே மாற்றுவது அடுத்த படி. பயன்படாமல் கிடக்கும் கேப்ஸ் லாக்கைக் கன்ட்ரோல் ஆக்கிக்கொள்வது சுண்டுவிரலுக்கு நிம்மதி. அதற்கு மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் என்ற மென்பொருள் உண்டு, இலவசம். அதில் கீபோர்டு மேனேஜர், 'ரீமேப் எ கீ'. இனி எந்த விசையும் கேப்ஸ் லாக்காக இருக்காது என்று எச்சரிக்கை வரும், தொடரலாம். பவர்டாய்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டுமே இது செல்லும். கடவுச்சொல் கேட்கும் நுழைவுத் திரையில் கேப்ஸ் லாக் பழையபடியே இருக்கும். பழக்கத்தில் அங்கே தட்டிவிட்டால் கடவுச்சொல் தவறு என்று வரும். நிர்வாகி உரிமையில் திறந்த செயலிகளில் இயங்கவேண்டுமென்றால் பவர்டாய்ஸையும் அதே உரிமையில் ஓட்டவேண்டும். பொதுக் கணினியில் இதைச் செய்யும் முன் கேளுங்கள்: பார்வையற்றோர் பயன்படுத்தும் என்விடிஏ திரை வாசிப்பானுக்குக் கேப்ஸ் லாக்கையே கட்டளை விசையாக அமைத்திருப்பவர்கள் உண்டு.

ஒரே விசை இடத்துக்கு இடம் வேறுபடுவதற்குப் பழைய வரலாறும் காரணம். எக்ஸ், சி, வி மூன்றும் கீழ்வரிசையில் அடுத்தடுத்து இருப்பதால் இடக்கை அசையாமல் அழுத்தலாம். 1983இல் வந்த ஆப்பிளின் லிசா கணினியிலேயே வெட்டுதல், நகலெடுத்தல், ஒட்டுதலுக்கு இவைதான். ஐபிஎம் 1987இல் வெளியிட்ட விதிகளில் வெட்டுதலுக்கு ஷிப்ட் + டெலீட், ஒட்டுதலுக்கு ஷிப்ட் + இன்சர்ட். விண்டோஸ் இரண்டு மரபையும் வைத்துக்கொண்டது. அதனால் எழுதும் இடத்தில் ஷிப்ட் + டெலீட் வெட்டும், ஒட்டினால் திரும்பக் கிடைக்கும். கோப்புப் பட்டியலில் அதே ஷிப்ட் + டெலீட், குப்பைத் தொட்டிக்கும் அனுப்பாமல் கோப்பை நேரே அழித்துவிடும். பட்டியல் அச்சிடுகிறவர்கள் இந்த ஒரு விசைக்காவது பக்கத்தில் சிவப்புப் புள்ளி வைக்கலாம்.

'விசைப்பலகை கெட்டுவிட்டது' என்று புதிது வாங்கிவிடும் முன் ஒன்றைப் பாருங்கள். ஷிப்டைத் தொடர்ந்து 5 முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் என்ற வசதியை இயக்கட்டுமா என்று கேட்கும். கூட்டு விசைகளைச் சேர்த்துப் பிடிக்காமல் ஒவ்வொன்றாகத் தட்டவிடுவது அது. வலது ஷிப்டை 8 வினாடி பிடித்தால் ஃபில்டர் கீஸ். அது இயங்கினால் சட்டென்று தட்டும் எழுத்துகள் விழாமல் போகும். ஒரு கையால் மட்டும் தட்டச்சு செய்கிறவர்களுக்கும் கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் இவை அருமையான வசதிகள். வேண்டாதவர்கள் செட்டிங்ஸில் 'ஆக்செசிபிலிட்டி', 'கீபோர்டு' போய், வசதியையும் அதை எழுப்பும் விசைக்கான தேர்வையும் தனித்தனியே அணைக்கவேண்டும். முதலாவதை மட்டும் அணைத்தால் அடுத்த முறை ஷிப்டைப் பிடித்தபடி யோசிக்கும்போது மறுபடி வந்து நிற்கும்.

இப்படிக்கு,
கணினிப் பயிற்றுநர் ஒருவர்